நாக்பூர் ஞானசிகாமணி

கொஞ்சம் தள்ளி உக்காருதியா தம்பி? பை உன் கால்ல இடிக்கா? சரி, மடியில வச்சுக்கிடுதேன். ஊறுகா பாட்டில் இருக்கு, சாயக்கூடாது.

போன்ல யாரு, சேக்காளியா? தன்னால சிரிச்சியே, அதான் கேட்டேன். வீட்டுக்காரி அனுப்பினா இப்படிச் சிரிக்க மாட்டாங்க. நேர்ல பாத்த ஆளா, இல்ல போன்லயே பிறந்து போன்லயே வளந்த ஆளா? நீ சொல்ல வேண்டாம், நானே சொல்லிருதேன். நேர்ல பாக்காத ஆளு. பாத்துப் பழகுனவன் அனுப்புறதுக்கு எவனும் இவ்வளவு பல்லைக் காட்ட மாட்டான்.

என் பேரு கோமதிநாயகம். அம்பாசமுத்திரம்தான். கூட்டுறவு பண்டகசாலையில இருந்து ரிட்டயர் ஆனவன். இப்ப திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போறேன், டெல்லி வண்டி பிடிக்க. எதுக்கு டெல்லின்னு நீ கேக்கலை, ஆனா கேக்கணும்னு உனக்கு இருக்கும்லா. பஸ்ஸு போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லிருதேன். நீ சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இரு.

எனக்கு ஒரு சேக்காளி உண்டு, ஆவுடையப்பன்னு. எங்க தெருவுலயே நாலு வீடு தள்ளி. டெலிபோன் ஆபீஸ்ல லைன்மேனா இருந்தவன். ஊரு பூரா பேச வச்சவன், அவன் மட்டும் பேச மாட்டான். நாம நூறு வார்த்தை சொன்னா அவன்கிட்ட இருந்து ஒரு 'ம்' வரும். அந்தக் குறை தெரியாம நான் பாத்துக்கிட்டேன். விடியக்காலம் அவன் வாசல்ல போயி நின்னு ஒரு கனைப்புக் கனைப்பேன். துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வருவான். ரெண்டு பேருமா ஆத்துக்குப் போவோம். அவன் முதுகை நான் தேச்சுவிடுவேன், என் முதுகை அவன் தேச்சுவிடுவான். நம்ம முதுகு நம்ம கைக்கு எட்டாதுல்லா. திரும்பி வரையில கடையில காப்பி. முப்பது வருசமா இதுதான். போகும்போதும் நான்தான் பேசுவேன், வரும்போதும் நான்தான் பேசுவேன். ஒருநாள்கூட எங்களுக்குள்ள கருத்து வேறுபாடு வந்ததில்லை, பாத்துக்கோ.

போன வருசத்துக்கு முந்தின வருசம் அவன் வீட்டம்மா வடிவு தவறிட்டா. நல்ல மனுசி. அந்த நேரத்துல நான் அவனை ஒரு நிமிசம் தனியா விடலை. சுடுகாட்டுல இருந்து திரும்பி வரும்போது அவன் மூஞ்சி ஒரு மாதிரி கோணிக்கிட்டு வந்துச்சு. அழுதுருவான்போல இருந்துச்சு. விடலாமா? உடனே எங்க பெரிய மாமா செத்தப்ப பாடைக்கயிறு நடுவழியில அத்துப்போன கதையை எடுத்துவிட்டேன். வீட்டு வாசல் வர்ற வரைக்கும் சொன்னேன். அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. அவ்வளவு பக்குவமா கூட்டிட்டு வந்து சேத்தேன்.

அன்னையில இருந்து என் வீட்டுக்காரி உலகம்மா ரெண்டு வேளையும் தூக்குச்சட்டியில அவனுக்கும் சேத்துக் குடுத்துவிடுவா. ஒருநாள் அந்தத் தூக்குச்சட்டி திறக்காமலே திரும்பி வந்திருச்சு. நேரா போயிக் கேட்டேன். "இனிமே வேண்டாம்வே, நானே பொங்கிக்கிடுதேன்"ங்கான். சோறு கொதிக்கிறதை நின்னு பாத்தறியாதவன். "யாருவே உமக்குச் சொல்லிக்குடுத்தா?"ன்னு கேட்டா போனைக் காட்டுதான்.

பேஸ்புக்ல ஒரு குரூப்பாம். 'தனியாகச் சமைக்கும் ஆண்கள்'னு பேரு. பொண்டாட்டி செத்தவன், பொண்டாட்டி மக வீட்டுக்குப் பேறுகாலம் பாக்கப் போயித் திரும்பாதவன், கல்யாணமே வேண்டாம்னு இருக்கவன், எல்லாரும் அதுக்குள்ள இருக்கான். 'இன்று ரசம். புளி கொஞ்சம் கூடிவிட்டது'ன்னு ஒருத்தன் படம் போடுவான். அதுக்குக் கீழ, 'பரவாயில்லை அண்ணா, வெல்லம் ஒரு துண்டு போடுங்கள்'னு இன்னொருத்தன். எல்லாருமா சேந்து அந்த ரசத்துக்கு இதயம் போடுவாங்க. ரசத்துக்கு எதுக்குத் தம்பி இதயம்?

ஆத்துக்கும் போனைக் கொண்டுவர ஆரம்பிச்சுட்டான், பிளாஸ்டிக் கவர்ல சுத்தி. என் முதுகுல சோப்பு காயுது, இவன் படித்துறையில உக்காந்து எவனோ மதுரைக்காரன் வச்ச வத்தக்குழம்பைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டிருக்கான். எனக்கு வந்துச்சு பாரு. "ஏவே, மூஞ்சி தெரியாதவனெல்லாம் சேக்காளியா? ஒரு ஆத்திர அவசரத்துக்கு வருவானா? அவன் பேரு நிசமா பொய்யான்னாவது தெரியுமா?"ன்னேன். அவன் போனைக் கவருக்குள்ள போட்டுட்டு, "அவங்க கேக்காங்கவே"ன்னான்.

அவ்வளவுதான் சொன்னான். கேக்காங்களாம். அப்ப நான் என்ன செவிடா?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்த போன் சினேகமெல்லாம் பொய்யின்னு இவனுக்குப் புத்தியில ஏத்தணும். அதுக்கு ஒரு பொய்யான ஆளைச் செஞ்சு, அவன்கூடப் பழகவிட்டு, ஒருநாள் 'நான்தாம்வே அது'ன்னு போட்டு உடைக்கணும். அவன் நல்லதுக்குத்தான். பேரு யோசிச்சேன். ஞானசிகாமணி. ஊரு நாக்பூர். எதுக்கு நாக்பூர்னா எங்க தெருவுல யாருக்கும் அங்கன சொந்தம் கிடையாது. ஆரஞ்சுப்பழத்தைத் தவிர அந்த ஊரைப் பத்தி எவனுக்கும் ஒண்ணும் தெரியாது, எனக்கும் தெரியாது. பொண்டாட்டி செத்து, தனியாப் பொங்கித் திங்கிற மனுசன். படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ வச்சேன். எங்க வயசு ஆம்பளைக பாதிப்பேரு அதுல பூவாத்தான் இருக்கான்.

உலகம்மா எட்டிப் பாத்துட்டா. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்குக் கருமாதி பண்ணிட்டீங்களா?"ன்னா.

"நீ இல்லடி. அது ஞானசிகாமணி பொண்டாட்டி."

"அவ பேரு என்ன?"

அதை நான் யோசிக்கலை. "செத்தவ பேரைக்கூட மறந்துட்டாரா அந்த மனுசன்? நல்லா இருந்திருப்பா அவ, அவருகிட்ட"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

எனக்குச் சமைக்கத் தெரியாது. அதனால உலகம்மா சமைச்சதைப் படம் பிடிச்சுப் போடுறதுன்னு ஏற்பாடு. முதப்படம் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும். படம் எடுக்கையில அவ, "அந்தத் தட்டு வேண்டாங்க, அது செண்பகம் கல்யாணத்துல குடுத்தது, பேரு வெட்டியிருக்கும்"ன்னா. செண்பகம்னா ஆவுடையப்பன் மக, ஒரே மக, டெல்லியில இருக்கா. அவ கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு குடுத்தான். "சோத்தைப் பாப்பானா, தட்டைப் பாப்பானாடி?"ன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போட்டுட்டேன்.

முத ஆளா ஆவுடையப்பன்தான் எழுதுனான். 'உளுந்தஞ்சோறு அருமை சார். தட்டு அதைவிட அருமை. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்'னு. பாத்தியா தம்பி, சோத்தை விட்டுட்டுத் தட்டைப் புகழுதான். சமையல்ல அவனுக்கு அவ்வளவுதான் ஞானம்.

அன்னைக்குச் சாயங்காலமே தனியா மெசேஜ் அனுப்ப ஆரம்பிச்சுட்டான். நான் போய் அவனைத் தேடலை, அவனா வந்து விழுந்தான். 'நாக்பூர்ல மழையா சார்?'னு கேப்பான். நான் வெளிய எட்டிப் பாத்துட்டு, 'ஆமா சார், கொடியில கிடந்த துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு'ன்னு போடுவேன். 'இங்கேயும் அப்படித்தான் சார்'பான். ஒருநாள் கரண்டு போச்சு. 'இங்கு மின்வெட்டு, பிறகு பேசலாம்'னு போட்டேன். 'என்ன ஒற்றுமை சார், இங்கேயும் இப்போதுதான் போனது'ன்னான். நாடு முழுக்க இதே கதிதான்னு ஞானசிகாமணி அவனுக்கு ஒரு விளக்கம் குடுத்தாரு. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாங்க. என் புளுகு ஒரு வருசம் தாண்டி நிக்கு. ஒரு பொட்டுச் சந்தேகம் வரலையே அவனுக்கு. வெள்ளந்தி.

போட்டு உடைக்கணும்னுதான் இருந்தேன். இந்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிப் போயிட்டு. ஏன்னா அவன் பேச ஆரம்பிச்சுட்டான் தம்பி. வாயைத் திறந்தா ஒரு 'ம்' சொல்லுதவன், அதுல பத்தி பத்தியா எழுதுதான்.

ஒருநாள் வடிவைப் பத்தி எழுதுனான். ஆஸ்பத்திரியில கடைசி வாரம், 'ஏதாவது பேசுங்களேன், உங்க குரலைக் கேக்கணும்'னு அவ கேட்டாளாம். இவனுக்கு என்ன பேசன்னு தெரியலையாம். அவ காலைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தானாம். 'எல்லாருக்கும் லைன் குடுத்தேன் சார், என் வீட்டுக்காரிகிட்டப் பேச எனக்கு வார்த்தை வரலை'ன்னு எழுதியிருந்தான். எனக்கு உடனே எங்க சித்தி ஆஸ்பத்திரியில கிடந்த கதையைச் சொல்லணும்னு கை துறுதுறுத்துச்சு. ஆனா அந்தச் சனியன்ல நான் 'எங்க சித்தி'ன்னு எழுத்தைத் தேடி முடிக்கதுக்குள்ள அவன் நாலு வரி அனுப்பிருதான். வேற வழியில்லை. வாசிச்சேன். கடைசி வரைக்கும் வாசிச்சேன். அதுல ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. நாலு வீடு தள்ளி இருக்கேன், தினம் முதுகு தேச்சிருக்கேன், எனக்குத் தெரியாது.

கடைசியா இப்படி எழுதியிருந்தான். 'சுடுகாட்டிலிருந்து வரும்போது அழணும்போல இருந்தது சார். என் சேக்காளி ஒருத்தன் கூட வந்தான். நான் அழுதா அவனுக்குத் தாங்காது. அதான் ஏதோ கயிறு அத்த கதையைச் சொல்லிக்கிட்டே வந்தான். பாவம், அவன் கை நடுங்கிக்கிட்டே இருந்தது.' என் கை நடுங்குச்சாம் தம்பி. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்த ஐப்பசியில இன்னொண்ணு எழுதுனான். மக செண்பகம் டெல்லிக்கே வந்துருங்கப்பான்னு கூப்பிடுதாளாம். போய்ட்டா அங்கயேதானாம். இதை ஞானசிகாமணிகிட்டச் சொல்லுதான், என்கிட்டச் சொல்லலை. 'என் சேக்காளிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை சார். ஆத்துக்குப் போற வழியில சொல்லிரலாம்னு தினமும் நினைக்கேன். இடைவெளி கிடைக்க மாட்டேங்குது'ன்னு போட்டிருந்தான். நான் விடுவேனா? ஞானசிகாமணியை வச்சு அடிச்சேன். 'போகாதீர்கள் சார், டெல்லிக் குளிர் வயதானவர்களுக்கு ஆகாது. ஊரை விட்டு வந்து நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். உங்கள் நண்பர் தனியாக ஆற்றுக்குப் போகவே மாட்டார், இங்கிருந்தே சொல்கிறேன்'னு. அதுக்கு அவன், 'அதை அவன் வாயால ஒருநாள் சொன்னா யோசிக்கலாம் சார்'னு போட்டான்.

மறுநாள் ஒரு முடிவோட போனேன். இன்னைக்கு நாம வாயைத் திறக்கப்படாது, அவன் சொல்லட்டும். தெரு முக்கு தாண்டியாச்சு, நான் பேசலை. மண்டபம் தாண்டியாச்சு, பேசலை. அவன் பதறிப்போயி என் நெத்தியில கையை வச்சுப் பாக்கான். "உடம்புக்கு என்னவே?"ங்கான். ஒண்ணுமில்லைன்னு தலையை ஆட்டுனேன். பைய வாயைத் திறந்தான். "வே, நான் உம்மகிட்ட ஒரு விசயம்..."ன்னான். அந்த நேரம் பாத்து எதுக்க முனிசிபாலிட்டி பைப்பு உடைஞ்சு தண்ணி ரோட்டுல ஆறா ஓடுது. நீயே சொல்லு, அதைப் பாத்துட்டு ஒரு மனுசன் எப்படிச் சும்மா இருக்க? படித்துறை வரைக்கும் அதைத்தான் பேசிட்டுப் போனேன்.

தை பொறந்து அவன் கிளம்புறதுக்கு மொத நாள் என் வாசல்ல வந்து நின்னான். "நாளைக்கு டெல்லிக்குப் போறேன்வே. செண்பகத்துகூட இருக்கப் போறேன்"ன்னான். எனக்குத்தான் முன்னமே தெரியுமே, இருந்தாலும் தெரியாத மாதிரி, "அப்படியா?"ன்னேன். நின்னான். நானும் நின்னேன். "சரி, பத்திரமாப் போயிட்டு வாரும்"ன்னேன். "சரிவே"ன்னு போயிட்டான். நாக்பூர்க்காரன் வாயால ஆயிரம் தரம் போகாதேன்னு சொல்லியாச்சு. என் வாயால ஒரு தடவை 'போவாதவே'ன்னு சொல்லியிருக்கலாம். முப்பது வருசம் ஓயாமப் பேசின வாய் தம்பி. அந்த ஒரு வார்த்தை வரலை.

வீரவநல்லூரா இது? வந்துட்டா? சரி சரி, பஸ்ஸு நல்லாத்தான் விடுதான்.

இப்ப நிலைமை என்னன்னா, ஞானசிகாமணிக்குத் தினமும் சாயங்காலம் பத்தி பத்தியா வருது. டெல்லி மார்க்கெட்டுல முருங்கைக்காய் கிடைச்சது, பேரன் பல்லு விழுந்தது, எல்லாம் வருது. என் சொந்த நம்பருக்கு என்ன வருதுன்னு கேளு. விடிஞ்சா ஒரு ரோசாப்பூ, அதுல 'காலை வணக்கம்'. அவனுக்குக் கதை, எனக்கு ரோசாப்பூ. ஞானசிகாமணியைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. நீ சிரி, எனக்கும் தெரியும் இது கேவலம்னு.

போன வாரம் ஞானசிகாமணிக்கு ஒண்ணு வந்துச்சு. இந்தா, இதை நான் அழிக்கவே இல்லை, வாசிக்கேன் கேளு. 'சார், ஊர்ல என் சேக்காளி தனியா இருக்கான். ஆத்துக்குப் போறதையே விட்டுட்டான்னு கேள்விப்பட்டேன். நீங்க அவன்கிட்ட ஒருநாள் பேசுங்க. வாயாடிதான். ஆனா பேச்சை நிறுத்துனா உள்ள இருக்கது வெளிய வந்துரும்னு பயந்துதான் பேசுதான். எனக்கு அது தெரியும். அதான் முப்பது வருசம் 'ம்' கொட்டினேன். கொஞ்சம் கேளுங்க சார். நம்பர் இது'ன்னு.

என் நம்பரு தம்பி. என்னைப் பாத்துக்கிடச் சொல்லி என்கிட்டயே என் நம்பரை அனுப்பியிருக்கான்.

அன்னைக்கு நான் சோறு திங்கலை. உலகம்மா கேட்டா, காட்டுனேன். வாசிச்சுட்டு, "போயிட்டு வாங்களேன்"ன்னா. மத்த நேரம் திருச்செந்தூர் போறேன்னாலே ஆயிரம் நொட்டை சொல்லுதவ, டெல்லிக்கு உடனே சரிங்கா. ஸ்வெட்டர் வேற எடுத்து வச்சிருக்கா, எப்ப வாங்கினாளோ. இப்பல்லாம் அவ அண்ணன்கிட்ட அடிக்கடி பேசுதா, அடுப்படியில நின்னு மெதுவா, 'சரிண்ணே, சொல்லுதேண்ணே'ன்னு. முன்னெல்லாம் அவ அண்ணனைக் கண்டாலே ஆகாது அவளுக்கு. வயசானா பாசம் கூடும்போல.

செண்பகம் அட்ரஸும் அவதான் எங்கிருந்தோ வாங்கித் தந்தா. ஆவுடையப்பனுக்கு நான் வர்றது தெரியாது. திடுதிப்புன்னு போயிக் கதவைத் தட்டப் போறேன். அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. வண்டி நாக்பூர்ல நிக்கும்லா? இறங்கி அந்தப் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்து, 'காலை நடைக்கு ஸ்டேஷன் பக்கம் வந்தேன் சார்'னு ஞானசிகாமணி பேருல அனுப்பிரணும். ஒரு வருசமா நாக்பூர்ல இருக்காரு, நாக்பூர் படம் ஒண்ணாவது வேண்டாமா? செய்யறதைத் திருந்தச் செய்யணும்.

அங்க போயி என்ன சொல்லப் போறேன்னு பாக்கியா? ஒரே வார்த்தைதான். 'வந்துரும்வே.' வாசல்லயே சொல்லிரணும். செருப்பைக் கழட்டிட்டுச் சொல்லலாம்னு நினைச்சா அப்புறம் ரயில் பிரயாணத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவேன், என்னை எனக்குத் தெரியும்லா. அவன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. என் வாயால சொல்லிரணும்.

இரு, போன் அடிக்கு. ஞானசிகாமணிக்குத்தான். அவன்தான். வாசிக்கேன் கேளு.

'சார், டெல்லி வண்டி நாக்பூர்ல கொஞ்ச நேரம்தான் நிக்கும். இறங்கிப் படம் எடுக்க வேண்டாம்னு என் சேக்காளிகிட்டச் சொல்லுங்க. யார்கிட்டயாவது பேசிக்கிட்டே நின்னு வண்டியை விட்டுருவான். படம் இல்லாட்டியும் உங்களை நான் நம்புதேன்.'

இது எப்படி? படம் எடுக்கப்போறதை உன்னை விட்டா நான் உலகம்மாகிட்ட மட்டும்லா சொன்னேன்.

ஏன் தம்பி சிரிக்க? உனக்குத் தெரியுமா? எப்ப இருந்து தெரியும்? நான் சொல்லச் சொல்லவே உனக்குத் தெரிஞ்சுட்டா? அப்ப அவனுக்கு?

இரு. இன்னொண்ணு வந்துருக்கு. 'டெல்லி ஸ்டேஷன்ல நானே வந்து நிப்பேன். உங்க ரெண்டு பேருல யாரு இறங்கினாலும் எனக்குச் சந்தோசம்தான் சார்.'

கண்ணாடியைக் கொஞ்சம் துடைச்சுக்கிடுதேன். தூசி, வேற ஒண்ணுமில்லை.

இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கான், அந்த மூணு புள்ளி ஓடுது பாரு. நீ ஏதோ கேக்க வந்த. பொறு தம்பி. அவன் சொல்லி முடிக்கட்டும்.